10 இரவு, 6 இடம்: இந்த பிரான்ஸ் திட்டம் தேறுமா?

கொடைரோடு:
செப்டம்பர் இரண்டாம் பாதியில் நானும் மனைவியும் பிரான்ஸ் போகிறோம். மொத்தம் 10 இரவு: பாரிஸ் 4, ஸ்ட்ராஸ்பூர்க் 1, லியோன் 2, அவிஞோன் 1, நீஸ் 1, விமானம் ஏற மறுபடி பாரிஸ் 1. பாரிஸில் இருக்கும்போது ஒரு நாள் மோன் சான் மிஷேல், அந்தக் கடலோரத் தீவு மடம். எல்லாமே ரயில். எனக்குப் பழைய கட்டடமும் ஓவியமும் போதும். அவருக்குச் சாப்பாடும் சந்தையும். நான் மீன், கோழி சாப்பிடுவேன். அவர் சைவம், முட்டை மட்டும் உண்டு. ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

வெண்பொங்கல்:
இது பயணமா, தேர்தல் பிரச்சாரமா? 10 இரவில் ஐந்து தடவை பெட்டி கட்டுகிறீர்கள். காலை 11 மணிக்கு ஒரு அறையைக் காலி செய்வீர்கள், அடுத்த ஊரில் 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள். அங்கே மதியச் சாப்பாடே 12 முதல் 2 வரைதான். 2 மணி தாண்டினால் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், மறுபடி திறக்க இரவு 7, 7:30 ஆகும். ஆக, இடம் மாறுகிற ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுப் பிரியரான உங்கள் வீட்டம்மாவுக்கு ரயில் நிலையத்து ரொட்டிதான். பாரிஸ் 5, லியோன் 5. மற்றதை அழித்துவிடுங்கள்.

தண்டவாளம்:
விசாவுக்கே ஆளுக்கு 90 யூரோ. அதற்கு மேல் காப்பீடு, விமானக் கட்டணம். இவ்வளவையும் கொட்டிவிட்டு இரண்டு ஊரைப் பார்த்துத் திரும்புவதா? பாரிஸுக்கும் லியோனுக்கும் நடுவே 1981இலேயே டி.ஜி.வி. என்கிற அதிவேக ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு 2 மணி நேரப் பயணம். ஸ்ட்ராஸ்பூர்க் 2 மணி நேரம்கூட இல்லை. லியோனிலிருந்து அவிஞோன் 1 மணி 10 நிமிடம் போல. அவருக்குப் பழைய கட்டடம் பிடிக்கும் என்கிறார், நீங்கள் ஸ்ட்ராஸ்பூர்க்கையே அழிக்கச் சொல்கிறீர்கள். அந்தப் பேராலயத்தின் கோபுரம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். மணற்கல்லில் கட்டியது, சாயங்கால வெயில் பட்டால் இளஞ்சிவப்பாக மாறிவிடும்.

வெண்பொங்கல்:
வசதியான ரயில்களை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து லியோனுக்கு நேர் ரயிலிலேயே கிட்டத்தட்ட 4 மணி நேரம். நீஸிலிருந்து பாரிஸ் 6 மணி நேரம் போல. அவிஞோனின் டி.ஜி.வி. நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, இறங்கி இன்னொரு சின்ன ரயில் பிடிக்க வேண்டும். மோன் சான் மிஷேலைப் பற்றிப் பேசவே வேண்டாம். ரென் வரை டி.ஜி.வி., அப்புறம் பேருந்து, அதற்கு மேல் கரையிலிருந்து இன்னொரு வண்டி. அங்கே பார்க்க வேண்டியதே பகல் கூட்டம் கலைந்த பிறகுதான். போன கையோடு திரும்புகிறவருக்கு அது கிடைக்காது.

மீனா_திருச்சி:
சைவம் என்று எழுதியிருக்கிறாரே, அதை யாரும் கண்டுகொள்ளவில்லையா? லியோனில் 5 இரவு என்றால் அந்த அம்மா பாவம். அங்கே பேர் போன சாப்பாட்டுக் கடைகளைப் பூஷோன் என்பார்கள். ஆந்துயெத் என்பது குடலை அடைத்துச் செய்த சாசேஜ், மேசைக்கு வரும் முன்பே வாசனை வந்துவிடும். இன்னொன்று மாட்டு இரைப்பையை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. லியோன் சாலட் என்று பச்சையாக ஒன்று இருக்கும், அதிலும் பன்றித் துண்டு. கேட்டால் பொறுக்கி எடுத்துவிட்டுத் தருகிறோம் என்பார்கள். கொடைரோடு சார், உங்களுக்குக் கெனெல் இருக்கிறது. ஆற்று மீனை மாவு, முட்டை, வெண்ணெயோடு அரைத்து நீளமாக உருட்டி வேகவைத்து, நண்டு இன இறாலில் செய்த சாஸ் ஊற்றி அடுப்பில் வைப்பார்கள். பன் மாதிரி உப்பி வரும். நீங்கள் அதைச் சாப்பிடுங்கள், மனைவியை நீஸுக்கு அனுப்பிவிடுங்கள்.

நீஸில் சோக்கா கிடைக்கும். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய வட்டத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்பில் தள்ளுவார்கள். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று இருக்கும். மேலே மிளகுத்தூள் தூவி, கையாலேயே பிய்த்துச் சாப்பிடலாம். கத்தரிக்காய், சுரை இனக் காய், தக்காளி போட்டு வதக்கும் ராட்டாட்டூயும் அந்த ஊருடையதுதான்.

வெண்பொங்கல்:
மீனா அக்கா, லியோன் என்றால் குடல் மட்டும்தானா? கெட்டித் தயிர் போன்ற பாலாடைக்கட்டியில் பூண்டு, வெங்காயத்தாள் கலந்து தருவார்களே, பட்டு நெசவாளர் சாப்பாடு, அது சைவம்தானே? உருளைக்கிழங்கைப் பாலேட்டில் வேகவைத்த கிராத்தன் இருக்கிறது. குருவா ரூஸ் மேட்டில் அந்த நெசவாளர்கள் பட்டுச் சுமையோடு போய்வந்த மூடுசந்துகள் வீடுகளுக்கு ஊடாகவே ஓடுகின்றன. தெருக்கதவைத் தள்ளி உள்ளே போனால் முற்றம், படிக்கட்டு, அப்புறம் அடுத்த தெரு. இதை ஒன்றரை நாளில் பார்த்துவிட முடியாது.

மீனா_திருச்சி:
பிரான்ஸில் நிறையப் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் விட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். கொம்தே என்கிற பேர் போன கட்டியும் அப்படித்தான். அதைச் சாப்பிடுவாரா இல்லையா என்று முதலில் வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்லட்டும்.

லாச்சப்பல்வாசி:
அண்ணை, நான் பாரிஸில் கனகாலம் இருக்கிறன். ஊரை எண்ணாமல் கிழமையை எண்ணுங்கோ. லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை பூட்டு. ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் பூட்டு. லியோனிலும் அவிஞோனிலும் பெரிய உள்சந்தை திங்கள் இல்லை. உங்கள் திட்டத்தில் கிழமையே இல்லை, பிறகு இரண்டு பேரும் எதை வைத்துச் சண்டை பிடிக்கிறீர்கள்?

இன்னொன்று. செப்டம்பர் மூன்றாவது சனி, ஞாயிறு பாரம்பரிய நாட்கள். மற்ற நாளில் உள்ளே விடாத அரசாங்கக் கட்டடங்கள் கூடத் திறந்திருக்கும். அந்த இரண்டு நாளும் பாரிஸில் நில்லுங்கோ. லூவ்ரில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ, அரை நாளில் ஓடிப் பார்க்கிற விலை இல்லை. நோத்ர தாம் பேராலயம் 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தாச்சு, உள்ளே போகக் காசு இல்லை. பாண், அதுதான் ரொட்டி, வாங்குவதென்றால் 20ஆம் வட்டாரத்தில் தர்ஷன் செல்வராஜாவின் கடைக்குப் போங்கோ. 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் (நீளப் பாண்) என்று பரிசெடுத்து, ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கே பாண் கொடுத்தவர், எங்கட ஆள். அக்காவுக்கு நாக்கு செத்துப்போனால் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லாச்சப்பல், எங்கட தமிழ்க் கடைத்தெரு, நடந்து வரலாம். தோசை, இடியப்பம் எல்லாம் கிடைக்கும்.

தண்டவாளம்:
பிரான்ஸ் போய் இடியப்பமா!

லாச்சப்பல்வாசி:
எட்டாம் நாள் நீங்களும் வருவீர்கள், தம்பி.

கொடைரோடு:
மனைவியைக் கேட்டுவிட்டேன். ரென்னெட் என்றதும் முகம் சுளித்தார், கொம்தே கிடையாது. நீஸ் நிச்சயம் வேண்டுமாம். துபாய் வழியாக வந்தால் நீஸிலிருந்தே திரும்பலாம் என்று தெரிகிறது, அதனால் கடைசிப் பாரிஸ் இரவு தேவையில்லை. இப்போதைக்குப் பாரிஸ் 4, லியோன் 3, நீஸ் 3. வியாழன் பாரிஸில் இறங்கி, பாரம்பரிய நாட்களை முடித்துத் திங்கள் காலை லியோன். மோன் சான் மிஷேலை எடுத்துவிட்டேன். ஸ்ட்ராஸ்பூர்க்கை எடுக்க மனமில்லாமல் எடுத்தேன்.

தண்டவாளம்:
ஸ்ட்ராஸ்பூர்க் போனது போகட்டும், அவிஞோனை விடாதீர்கள். லியோன் அறையிலேயே பெட்டியை வைத்துவிட்டு ஒரு நாள் போய்வரலாம். 14ஆம் நூற்றாண்டில் போப்புகள் ரோமை விட்டு அங்கேதான் இருந்தார்கள். அந்த மாளிகை கோட்டை மாதிரி நிற்கும். டிக்கெட்டை இப்போதே எடுங்கள், நாள் நெருங்க நெருங்க டி.ஜி.வி. விலை ஏறும்.

வெண்பொங்கல்:
மூன்று இரவில் ஒரு பகலை அவிஞோனுக்குக் கொடுத்தால் லியோனுக்கு என்ன மிச்சம்? அதோடு திங்கள் காலை போய் இறங்கினால் சந்தை பூட்டு, நிறைய உணவகமும் பூட்டு. அன்று மதியம் பாரிஸிலேயே சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால ரயில் பிடியுங்கள். செவ்வாய் காலை 9 மணிக்குச் சந்தை.

தண்டவாளம்:
சாயங்கால ரயில் சரி. அப்படியானால் புதன் அவிஞோன்.

வெண்பொங்கல்:
வேண்டாம் என்கிறேன்.