“அவ போடுற கிறீம் இருக்கோ அக்கா?”

கடைக்கார அக்கா:
நான் யாழ் பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒரு பான்சிக் கடையில நிக்கிறனான். வாற பெட்டையள் கனபேர் சாமான்ர பேரைச் சொல்லிக் கேக்கிறேல்ல, நடிகையின்ர பேரைச் சொல்லி “அவ போடுற கிறீம் இருக்கோ அக்கா” எண்டு போனை நீட்டுவினம். போன கிழமை ஒரு தாயும் மகளும் வந்தவை, பிள்ளை ஏ.எல் படிக்குதாம், நல்ல வடிவான மாநிறம், தாய்தான் “உது எத்தினை நாளில வெளுக்கும்” எண்டு கேக்கிறா, பிள்ளை தனக்கில்லாத கதை மாதிரி அலுமாரிக்குள்ள கிடந்த கிளிப்பைப் பாத்துக்கொண்டு நிக்குது. பெட்டியத் திருப்பிக் காட்டினன், வெளுக்கும் எண்டு ஒரு இடத்திலயும் இல்ல. “ரீவில அந்தப் பிள்ளை வெளுத்தவதானே” எண்டா. அவ வெள்ளையாத்தானம்மா நடிக்கவே வந்தவ எண்டு சொல்ல வாய் வந்திட்டுது, முதலாளி பக்கத்தில நிண்டவர். ஃபெயார் அன்ட் லவ்லிய 2020 இல குளோ அன்ட் லவ்லி எண்டு மாத்தினவை, ஆனா சனம் இப்பவும் பழைய பேரிலதான் கேக்குது, கேக்கிற சாமானும் அந்தப் பழைய வெள்ளைதான்.

சுன்னாகத்தாள்:
கிறீம் பரவாயில்ல, நகைக்கு வாங்கோ. நடிகை கல்யாணப் பொம்பிளையா கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு நிப்பா, தகப்பன் கண்ணைத் துடைப்பார், பின்னால வயலின். காட்டுறது எங்களுக்கு, பில் போறது வேற ஆளுக்கு. எங்கட வீட்டில அந்த விளம்பரம் ஓடி முடிய முதல் கனடா அண்ணாவுக்கு கோல் போயிடும். அட்சய திருதியைக்கு அம்மம்மா ஒரு குண்டுமணி வாங்கினதா எனக்கு ஞாபகமில்ல, இப்ப அண்டைக்கு நகைக்கடையள் இருக்கிற கஸ்தூரியார் வீதியால நடக்கேலாது.

கொக்குவில்:
உது இண்டைக்கு நேற்று வந்த வேலை இல்ல. 1941 இலயே லீலா சிட்னிஸ் எண்ட ஹிந்தி நடிகைய லக்ஸ் சோப்புக்குப் போட்டவை, பிறகு வந்த பெரிய நடிகையள் கனபேர் அந்தச் சோப்போட நிண்டிட்டினம். மாட்டன் எண்டு சொன்னவையும் இருக்கினம், சாய் பல்லவி வெள்ளைக் கிறீம் விளம்பரத்தை வேண்டாமெண்டு விட்டவ, எனக்கு அவவில அதுக்காகவே ஒரு மரியாதை. இந்தியாவில 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில, பொய் விளம்பரத்தில நடிச்சா நடிகருக்கே 10 லட்சம் வரைக்கும் தண்டம், திரும்பவும் செய்தா 50 லட்சம். ஆனா அது அங்க. எங்கட டிஷ்ஷுக்கு விளம்பரம் மட்டுந்தான் வருது.

கடைக்கார அக்கா:
ஓம், அதோட இப்ப பேஸ்புக்கில நடிகையின்ர படத்தைக் களவா ஒட்டி, லேபிள் இல்லாத டப்பாவில விக்கிற கிறீம் வேற, அந்த நடிகைக்கே தெரியாது. உப்பிடியான கிறீமுகளில பாதரசமும் ஸ்டீரோயிட் மருந்தும் கலக்கிறவங்கள், முதல் கொஞ்ச நாள் பளிச்செண்டு இருக்கும், விட்டா முகம் சிவந்து முன்னையை விடக் கறுக்கும். எங்கட ஒழுங்கையில ஒருத்தி இப்பவும் தோல் டொக்டரிட்டப் போய்வாறா. பெட்டியில உற்பத்தியாளர், இறக்குமதியாளர், திகதி ஒண்டும் இல்லாட்டி வாங்காதேங்கோ பிள்ளையள், வாங்கிட்டியளெண்டா நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு கோல் அடியுங்கோ.