ஐப்பசியில நட்ட பூண்டு யாருக்காவது கிழங்கு வச்சுதா?

தக்கலைக்காரி:

நட்ட கதையெல்லாம் சொல்லப் போறதில்ல, உங்களுக்குத் தெரிஞ்சதுதான். பல்லுக்க கூர்ப்பக்கம் மேல, அடியில மக்கின சாணம், கொஞ்சம் சாம்பல். இலை வந்த வரத்தைப் பாக்கணுமே! ரோட்டுல போனவங்க மதில் பக்கம் நின்னு இது என்ன செடின்னு கேட்டாங்க. ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கத் தாங்கி நின்னுது. மாசியில இலை நுனி மஞ்சளாச்சுன்னு பிடுங்கினேன். வெள்ளைத் தண்டு நேரா இறங்கி வேர்ல முடியுது. கிழங்கே இல்ல. அடுத்தது, அதுக்கடுத்தது, எல்லாம் அப்படியே.

கிணத்துச் சுவர் ஓரம் நின்ன ஒரே ஒண்ணுல மட்டும் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு உருண்டை. பல்லு பிரியல. எனக்க மாமியார் அதைக் கையில வாங்கி உருட்டிப் பாத்துட்டு, "இதுதானா பிள்ளே உனக்க வெள்ளாமை?"ன்னு கேட்டாங்க. அதை விடுங்க. எல்லாம் ஒரே பூண்டை உடைச்சு நட்ட பல்லு, ஒரே மண்ணு, ஒரே வெள்ளம் (தண்ணி). அது மட்டும் எப்படி உருண்டுச்சு? இன்னும் தலைக்குள்ள நிக்குது. யாருக்காவது இப்படி வந்திருக்கா?

கோட்டாறு மாடித்தோட்டம்:

எனக்கும் இலைதான் வந்துச்சு. காரணம் பகல் நீளம். பூண்டு கிழங்கு வைக்கப் பகல் நீளணும். நாகர்கோவில்ல வருசத்துலயே பெரிய பகல் 12 மணி 36 நிமிசம் வரும், சின்னப் பகல் 11 மணி 38 நிமிசம். மொத்தமே ஒரு மணி நேர வித்தியாசம். கோடை வந்துச்சுன்னு அந்தச் செடிக்கு எப்படித் தெரியும்? நான் இலையை நறுக்கி ஆம்லெட்ல போட்டுத் தீத்தேன். அதுல ஒரு குறையும் இல்ல.

குலசேகரம் விளை:

பூண்டு நமக்குச் சரிப்படாது. ஆனா ஐப்பசி தோட்டம்னதும் எனக்கு ஒரு ராத்திரிதான் ஞாபகம் வருது. மழை விட்ட நேரம், கரண்ட் இல்ல. வழுதலை (கத்தரி) நாத்து நட்டு ரெண்டு மூணு நாள்தான் ஆச்சு. டார்ச் அடிச்சுட்டு கொல்லைப்பக்கம் போனா சர்சர்னு ஒரு சத்தம். மழைத்துளின்னு நெனச்சேன். கிட்டப் போய் வெளிச்சம் காட்டினா ஒவ்வொரு நாத்துலயும் ஆப்பிரிக்க நத்தை. உள்ளங்கையை நெறச்சுட்டு இருக்கு ஒவ்வொண்ணும். அது இலையைத் தின்னுற சத்தமாக்கும் எனக்குக் கேட்டது! நத்தை தின்னா சத்தம் வரும்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. இப்பவும் ராத்திரி மழை விட்டா காது தானா அங்க போவும்.

உப்பு போடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நத்தை சாகும், செரி. அந்த உப்பு மண்ணுல எறங்குனா நாத்து என்ன ஆகும்? ஈரச் சாக்கை விரிச்சு, அடியில பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் கழிவும் போட்டு வைங்க. விடியும்போது அத்தனையும் அதுக்கடியில கூடி நிக்கும். உப்புக் கரைசல் உள்ள வாளியில வாரிப் போட்டு, தோட்டத்துக்கு வெளிய குழி தோண்டி மூடுங்க. வெறுங்கையால தொடாதீங்க. அதுல இருக்க ஒரு புழு நம்மள மூளைக்காய்ச்சல் வரைக்கும் கொண்டு விடும். பிள்ளைங்க அதை வச்சு விளையாடுறதைக் கண்டா உடனே சோப்பு போட்டுக் கை கழுவ வைங்க.

ஆரல்வாய்மொழி ஆசிரியர்:

கோட்டாறு நண்பர் பகல் நீளத்தோடு நிறுத்திவிட்டார். ஊட்டியின் மிகப் பெரிய பகல் சுமார் 12 மணி 47 நிமிடம். நமக்கும் ஊட்டிக்கும் பத்துப் பதினோரு நிமிடம்தான் வித்தியாசம். அங்கே பூண்டு விளைகிறதே! கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. வித்தியாசம் குளிரில் இருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நாகர்கோவிலில் மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பூண்டுப் பல்லோ இளஞ்செடியோ ஒன்றிரண்டு மாதம் 10 டிகிரிக்குக் கீழ் இருந்தால்தான் கிழங்கு வைக்கவும் பல் பிரியவும் அதற்குத் தூண்டுதல் கிடைக்கும். குளிர் அரைகுறையாகப் பட்டால் பல் பிரியாத ஒற்றை உருண்டை வரும். தக்கலைச் சகோதரி கண்டது அதுதான். அந்த ஒரு பல் மட்டும் ஃபிரிட்ஜில் கிடந்திருக்குமோ என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

என் அனுபவம் சின்னது. ஒரு மழைக்காலத்தில் வாழைக்கு ஊடே நட்ட பூண்டை மயில் வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டுப் போனது. ஒன்றையும் தின்னவில்லை. அந்த அலட்சியத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை மட்டும் நம்பி ஐப்பசியைச் சும்மா விட்டுவிடக் கூடாது. மேட்டுப்பாத்தி போடுங்கள், ஒரு முழம் உயரமாவது இருக்கட்டும். பாத்திகளுக்கு இடையிலுள்ள ஓடையில் நீர் தேங்காமல் வடிய வேண்டும். மேற்குப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் பெரும்பாலும் புளிப்பு அதிகம். நடவுக்கு இரண்டு வாரம் முன்னால் சுண்ணாம்பு தூவிக் கிளறுங்கள். அதே நாளில் யூரியாவோ கோழி எருவோ போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். முட்டைக்கோஸ், காலிபிளவரில் வெப்பம் தாங்கும் ரகங்களைக் கார்த்திகையில் நட்டால் மாசிக்குள் அறுக்கலாம். தண்டுக்கீரையைக் கொட்டும் மழையில் விதைக்காதீர்கள், முளைத்ததும் அழுகும். தக்காளி, கத்தரி நாற்றுக்குத் தண்டைச் சுற்றி மண் அணையுங்கள், ஆனால் குழியில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். பந்தல் காய்களை மழை ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோட்டாறு மாடித்தோட்டம்:

சார், அப்போ மத்தியப் பிரதேசத்துல மந்த்சோர், நீமச் பக்கமெல்லாம் ஊட்டி மாதிரி மலை இல்லியே? அங்க அக்டோபர், நவம்பர்ல நட்டு மார்ச்ல எடுக்காங்க. குளிர் இருக்கு, ஒத்துக்கிடுதேன். ஆனா கிழங்கு பெருக்குற நேரத்துல பகலும் நீண்டுட்டு வருதே. குளிர் மட்டும்னு சொல்றதும் பாதிதான்.

டொராண்டோவிலிருந்து இரணியல் பொண்ணு:

இங்க ரெண்டும் இருக்கு, சண்டை வேண்டாம். அக்டோபர் நடுவுல நடுவோம். நிலம் உறையுறதுக்கு முன்ன வேர் பிடிக்கணும், அதுதான் கணக்கு. மேல வைக்கோலைக் கனமாப் போட்டு மூடிட்டா அப்புறம் ஏப்ரல் வரைக்கும் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஜூன்ல பூந்தண்டு சுருண்டு வரும், அதை வெட்டி விட்டாதான் கிழங்கு பெருக்கும். வெட்டின தண்டைப் பொரியல் வச்சா பீன்ஸ் தோத்துப் போகும். ஜூலைல பிடுங்குவோம். ஜூன்ல இங்க பகல் 15 மணி நேரத்துக்கும் மேல.

எனக்கு மறக்காதது ஒரு ஏப்ரல் காலையில அம்மாவோட பேசுன வீடியோ கால். பனி இன்னும் திட்டுத்திட்டா கிடக்கு, அதைத் துளைச்சுட்டு பச்சை முனை நிக்குது. கேமராவைக் கிட்ட கொண்டு போனேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம், "இத்தனை நாள் அதுக்கு யாரு வெள்ளம் விட்டா?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். அம்மா சிரிக்கல. "அப்போ நம்ம மரச்சீனிக் (மரவள்ளி) கம்பு அங்க வருமா?" வராதுன்னு சொன்னேன். முகம் வாடிப்போச்சு. சும்மா ஆமான்னு சொல்லியிருக்கலாமோன்னு இப்பவும் தோணும்.

சுசீந்திரம் வயலோரம்:

ஆசிரியர் ஐயா, தண்ணி தேங்காம இருந்தாலே போதும்கிற மாதிரி சொல்லிட்டீங்க. எங்க வீட்டுல மேட்டுப்பாத்திதான், ஓடையும் உண்டு. ஐப்பசி மழை விட்டு சுள்ளுனு வெயில் அடிச்ச அன்னைக்கு, காய் பிடிச்சு நின்ன கத்தரி மத்தியானத்துல அப்படியே துவண்டுச்சு. இலை மஞ்சளாகல, புழு இல்ல, பச்சையாவே தொங்குது. சாயங்காலம் கொஞ்சம் நிமிந்த மாதிரி இருந்துச்சு. மறுநாள் முடிஞ்சுபோச்சு.

பக்கத்து வீட்டு அண்ணன் வந்து அடித்தண்டைச் சாய்வா வெட்டி, கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச வெள்ளத்துல வெட்டுவாய் மட்டும் படுற மாதிரி தொங்கவிட்டாரு. "அசையாம பாருங்க"ன்னாரு. சில நிமிசத்துல வெட்டுன இடத்துலேருந்து பால் நிறத்துல மெல்லிசா கசிஞ்சு கீழ இறங்குது. பாக்டீரியா. நாங்க வீடே நின்னு அந்த டம்ளரைப் பாத்துட்டு இருந்தோம். அதுக்கப்புறம் டீ குடிக்க அந்த டம்ளரை யாரும் எடுக்கல, எங்க அம்மா அதைச் செடிக்கு மருந்து அளக்கன்னு ஒதுக்கி வச்சுட்டாங்க.

அது மண்ணுல கிடக்குற நோய், மருந்து அடிச்சுக் காப்பாத்த முடியாது. துவண்ட செடியை வேரோட எடுத்து எரிக்கணும், அதே பாத்தியில தக்காளி, மிளகாய், கத்தரி மறுபடி நடக்கூடாது. இப்போ சுண்டைச் செடி மேல ஒட்டுக் கட்டின கத்தரி நாத்துதான் வைக்கிறோம். சுண்டை வேரை அது லேசுல தொடாது. நாத்து விலை கூடத்தான், ஆனா நிக்குது.

தக்கலைக்காரி:

ஆசிரியர் சார், வீட்டுல கேட்டேன். ஃபிரிட்ஜ்ல பூண்டு வைக்கிற பழக்கமே எங்களுக்கு இல்ல, வெங்காயக் கூடையிலதான் கிடக்கும். கிணத்தடி கொஞ்சம் குளுமைதான், ஆனா 10 டிகிரி எங்க, எங்க கிணறு எங்க! அப்போ அந்த உருண்டைக்கு என்னதான் காரணம்? சுண்ணாம்பும் கோழி எருவும் நான் கேக்கலியே சார்.

இந்த ஐப்பசியில பாதி பல்லை ஃபிரிட்ஜ்ல வச்சிருந்து நடுவேன், மீதியைக் கூடையிலேருந்து. கிணத்தோரம் ரெண்டு வகையும் உண்டு. கிழங்கு வரலன்னா மாமியாருக்கு மீன் குழம்புல பூண்டுத் தாளைக் கிள்ளிப் போட்டுக் குடுப்பேன். அவங்களுக்கு அது பிடிச்சுப்போச்சு, வெளிய சொல்ல மாட்டாங்க.

குலசேகரம் விளை:

அந்த இடத்துல பேசாம சிறுகிழங்கு போடுங்க அக்கா. ஐப்பசி பிறக்குறதுக்கு முன்ன கொடி நுனியை வெட்டி நட்டா மாசியில கடவம் (ஓலைப்பெட்டி) நெறய எடுக்கலாம். குளிரும் வேண்டாம், நீளப் பகலும் வேண்டாம். வெட்டி எடுத்த கிழங்கைச் சாக்குல போட்டுத் தேய்ச்சாத் தோல் போவும். கொடி எங்ககிட்ட நிக்குது, வேணும்னா சொல்லுங்க, நாத்துப் பருவத்துல தக்கலைக்கு வரும்போது கொண்டு தாரேன்.

தக்கலைக்காரி:

கொண்டு வாங்க அண்ணே. நத்தை ஒட்டியிருக்கான்னு பாத்துட்டுக் கொண்டு வாங்க.