லூசியா: ஒரே பெயரைப் பல ஊர்களில் சந்தித்தவர்களின் அனுபவப் பகிர்வு

பலேர்மோவில் வசிக்கும் உறுப்பினர்:

யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மாவுக்குத் திருமுழுக்கின்போது சூட்டிய பெயர் லூசியா. ஊரில் எல்லோரும் அவரை லூசி என்றே அழைத்தார்கள். நான் சிசிலித் தீவின் பலேர்மோ நகருக்கு வந்து, வயது முதிர்ந்த பெண்மணி ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்த முதல் நாளில், அவருடைய பெயரும் அதுவே என்று கண்டபோது என் கண்கள் கலங்கிவிட்டன. ஆவலோடு 'லூசியா' என்று அழைத்தேன். அவரோ தலையை அசைத்து, 'லுச்சீயா' என்று நடு அசையை நீட்டிச் சொல்லித் தந்தார். நான் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை.

இந்தப் பெயரின் வேர், ஒளியைக் குறிக்கும் 'லுக்ஸ்' என்னும் இலத்தீன் சொல். பண்டைய உரோமையர் ஆண்களுக்கு லூக்கியுஸ் என்றும் பெண்களுக்கு லூக்கியா என்றும் பெயரிட்டபோது நடுவில் வல்லினக் ககர ஒலியே இருந்தது. பிற்காலத்தில் அந்த ஒலி இத்தாலியில் சகரமாகக் குழைந்து, ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு திசையில் போயிற்று. பெயரை உலகெங்கும் கொண்டு சென்றவர், இதே தீவின் சிராக்கூசா நகரில் 304ஆம் ஆண்டு மறைச்சாட்சியாக உயிர்நீத்த புனித லூசியா.

அவருடைய திருநாளான டிசம்பர் 13 அன்று பலேர்மோ மக்கள் ரொட்டியையும் பாஸ்தாவையும் தொடுவதில்லை. 1646ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தானியக் கப்பல் வந்து சேர்ந்தபோது, பசித்திருந்த மக்கள் கோதுமையை அரைக்கக்கூடப் பொறுக்காமல் அப்படியே அவித்து உண்டார்கள் என்பது ஊர்வழக்கு. அந்த நினைவாகச் செய்யும் 'குச்சீயா' என்னும் அவித்த கோதுமைப் பண்டத்தை அந்தப் பெண்மணி எனக்கு முதன்முதலில் ஊட்டிய நாளில், அம்மம்மாவின் பெயர் நாளை நாங்கள் ஒருமுறையேனும் இப்படிக் கொண்டாடியதில்லையே என்ற ஏக்கம் எழுந்தது.

புடாபெஸ்ட்டில் பணியாற்றும் உறுப்பினர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் என் அனுபவமும் நினைவுக்கு வந்தது. இங்கே பணியில் சேர்ந்த புதிதில் உடன் பணிபுரிபவர் ஒருவரின் பெயரை எழுத்தில் மட்டும் பார்த்துவிட்டு, இத்தாலியர் 'லூக்கா' என்று சொல்லும் ஆண்பெயர் என எண்ணி, ஆணுக்கு எழுதுவதுபோல் மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் ஒரு பெண். ஹங்கேரிய மொழியில் அதே எழுத்துகளை 'லுட்சா' என்று படிக்க வேண்டும். அது லூசியாவின் ஹங்கேரிய வடிவம். மன்னிப்புக் கேட்டபோது அவர் சிறிதும் வருந்தாமல், தம் பெயரோடு சேர்ந்த வழக்கம் ஒன்றை விளக்கினார். டிசம்பர் 13 அன்று ஒரு முக்காலியைச் செய்யத் தொடங்கி, நாளுக்குச் சிறிதாக வேலைசெய்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில்தான் முடிப்பார்களாம். நள்ளிரவுத் திருப்பலியின்போது அதன்மேல் ஏறி நின்றால் சூனியக்காரிகளை அடையாளம் காணலாம் என்பது பழைய நம்பிக்கை. இன்றும் மெதுவாக நடக்கும் வேலையை 'லுட்சாவின் நாற்காலிபோல்' என்கிறார்கள்.

சுவீடனில் வசிக்கும் உறுப்பினர்:

எங்கள் ஊரில் இது பெயராக மட்டும் இல்லாமல் ஒரு விடியற்காலையாகவே இருக்கிறது. டிசம்பர் 13 அன்று என் மகள் பள்ளியில் வெள்ளை உடையும் தலையில் மெழுகுவர்த்தி முடியும் அணிந்து 'லுசீயா'வாக நடந்து வந்ததைப் பார்த்தபோதுதான் ஒளி என்ற பொருள் எனக்கு உண்மையில் விளங்கியது. காலை எட்டு மணிக்கும் வெளியே இருட்டாக இருந்தது. சுவீடன் 1753இல் புதிய நாள்காட்டிக்கு மாறும்வரை, ஆண்டின் மிக நீண்ட இரவு ஏறத்தாழ இந்த நாளை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. குங்குமப்பூ சேர்த்த மஞ்சள் நிற ரொட்டியை உண்டபடி அந்தக் குழந்தைகளின் பாடலைக் கேட்பதற்காகவே நான் குளிர்காலத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.

மயிலாப்பூர் உறுப்பினர்:

நான் வெளிநாடு எதற்கும் சென்றதில்லை. ஆயினும், நாள்தோறும் பேருந்து ஏறும் 'லஸ்' என்ற இடப்பெயர் இதே வேரிலிருந்து வந்தது என்று அறிந்த நாள் எனக்கு மறக்கவில்லை. அங்குள்ள போர்த்துக்கீசியர் காலத்துத் தேவாலயத்தை நாங்கள் பிரகாச மாதா கோயில் என்கிறோம். போர்த்துக்கீசிய மொழியில் 'லுஸ்' என்றால் ஒளி. 'பிரகாசம்' அதன் நேர் தமிழாக்கம். ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: ஸ்பானிய நாடுகளில் பெண்களுக்கு இடும் 'லுஸ்' என்ற பெயர் ஒளியின் அன்னை மரியாவை முன்னிட்டது, புனித லூசியாவின் பெயர் போர்த்துக்கீசியத்தில் 'லூசியா' என்றே தனியாக வழங்குகிறது. வேர் ஒன்றானாலும் இரண்டும் ஒரே பெயரல்ல.

பலேர்மோவில் வசிக்கும் உறுப்பினர்:

அனைவருக்கும் நன்றி. ஒன்றை விட்டுவிட்டேன். பிரான்சில் வாழும் என் தங்கை, தன் மகளுக்கு அம்மம்மாவின் பெயரைச் சூட்ட விரும்பி, அந்நாட்டு வழக்கப்படி பெயரைப் பதிவுசெய்தாள். லூசியாவின் பிரெஞ்சு வடிவம் 'லூசி'. பதிவுத்தாளைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது எங்கள் அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, முற்றத்தில் நின்று அம்மம்மாவைக் கூப்பிடும் அதே குரலில், 'லூசி' என்று ஒருமுறை அழைத்துப் பார்த்தார்.