காற்றில் போன கார் ஷெட்டும் அதற்குப் பின் கட்டியதும்

மடிப்பாக்கத்திலிருந்து:

வீட்டில் கார் நிறுத்துவதற்குக் குறைந்த செலவில் ஓர் இரும்பு ஷெட் போட முடியுமா என்று கேட்டிருந்த நண்பருக்காக, இரண்டு முறை ஷெட் போட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். முதல் ஷெட்டை 2014ஆம் ஆண்டில் போட்டேன். 10 அடி அகலம், 18 அடி நீளம். நான்கு மீட்டருக்கு உட்பட்ட ஒரு சிறிய கார் நின்று, கதவைத் திறந்து இறங்க அது போதும். பட்டறைக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் விலை சொன்னார். நானும் தூண் எத்தனை, தகடு என்ன நிறம் என்றெல்லாம் விசாரித்தேனே தவிர, அந்தத் தூண்கள் எதன்மேல் நிற்கப்போகின்றன என்று கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்த சிமென்ட் தரையைத் துளைத்து, தூணுக்கு நான்கு போல்ட்டுகளை முடுக்கி, இரண்டே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது, நாங்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஷெட் மேலே எழுந்தது. போல்ட்டுகள் தரையைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வர, கூரை முழுதாகக் கிளம்பி மதில்மேல் போய்ச் சாய்ந்தது. காரின்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை என் மனைவி இன்றும் வருவோர் போவோரிடம் சொல்வதுண்டு.

கட்டடப் பொறியாளரான என் மைத்துனர் பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதியில் சென்னைக்கு உரிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அளவுக்கு அழுத்தம் உண்டாகும். 180 சதுர அடிக் கூரை சுமார் 16.7 சதுர மீட்டர் என்பதால், அதை மேல்நோக்கி இழுக்கும் விசை மோசமான நிலையில் இரண்டு டன்னைத் தாண்டிவிடலாம். என் ஷெட்டின் மொத்த எடையோ 400 கிலோகூட இராது. கூரை தலையில் விழாமல் இருக்க வேண்டும் என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்த எனக்கு, அதைக் கீழே பிடித்து வைப்பதுதான் வேலையே என்பது அன்றுதான் புரிந்தது.

இரண்டாவது ஷெட்டுக்கு ஆறு தூண்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழத்தில் குழி எடுத்து, கம்பிக் கூடு வைத்து, ஜே வடிவ போல்ட்டுகளைக் கான்கிரீட்டோடு சேர்த்தே பதித்தோம். ஒரு குழியின் கான்கிரீட் மட்டும் சுமார் 800 கிலோ வரும். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவன் என்பதால், தரைக்கு மேல் ஓரடி உயரத்திற்குப் பீடம் எழுப்பி, அதன்மேல்தான் தூணின் அடித்தகட்டை வைக்கச் சொன்னேன். மொத்தச் செலவு 94,000 ரூபாய். அதில் 26,000 ரூபாய் மண்ணுக்குக் கீழேயும் பீடத்திலுமே போயிற்று. ஒரு பக்கம் பழைய மதிலே சுவராக அமைந்ததாலும், வாசலில் கேட் இருக்கும்போது ஷட்டர் எதற்கு என்று விட்டுவிட்டதாலும் அந்தத் தொகைக்குள் முடிந்தது. கூரைச் சரிவை மட்டும் நம் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு வளாகத்தில் தண்ணீர் கொட்டினால், புயல் இல்லாமலேயே சண்டை வரும். எங்கள் கூரை நீர் குழாய் வழியாக மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறது.

திருவான்மியூரிலிருந்து:

மேலே எழுதியவர் காற்றைச் சொன்னார். கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நாங்கள் உப்பைச் சொல்ல வேண்டும். துரு பிடிக்காது என்று சொல்லி, ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயிலேயே எங்கள் ஷெட்டைப் போட்டுத் தந்தார்கள். வெல்டிங் வைக்கும்போது அந்தச் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும் என்பதையும், அந்த இடம் வெறும் இரும்பாகிவிடும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொரு இணைப்பிலும் பழுப்புக் கோடு ஓடியது. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, அதன்மேல் எபாக்ஸி பெயின்ட் பூசிய பிறகே துரு நின்றது. குழாய்களின் திறந்த முனைகளைத் தகடு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்கும் நீர் வெளியே தெரியாமல் அரிக்கும். கூரைத் தகட்டின் ஸ்க்ரூக்களையும் பள்ளத்தில் அடிக்காமல் மேட்டில், ரப்பர் வாஷரோடு அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளத்தில் அடித்துவிட்டார்கள். காரின் பானெட்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்த கறை இன்னும் இருக்கிறது.

கொளத்தூரிலிருந்து:

சதுர அடிக் கணக்கில் விலை பேசாதீர்கள், இரும்பின் எடையை வைத்துக் கிலோக் கணக்கில் பேசுங்கள் என்பது என் அனுபவம். 72 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்று பேசி முடித்திருந்தோம். சதுரக் குழாயின் பக்க அளவிலிருந்து தடிமனைக் கழித்து, அதைத் தடிமனால் பெருக்கி, மீண்டும் 0.0314ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். அதன்படி 6 மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் 41 கிலோவுக்குக் குறையக் கூடாது. வந்து இறங்கிய குழாயை வெறுமனே தூக்கிப் பார்த்தபோதே சந்தேகம் வந்ததால், எடை போட்டுப் பார்த்தோம். 34 கிலோதான் இருந்தது. தடிமன் 2.6 மில்லிமீட்டர். பட்டறைக்காரர், கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். அது உண்மையோ பொய்யோ, அறுப்பதற்கு முன்பே கண்டதால் மறுநாள் வண்டியோடு திருப்பி அனுப்ப முடிந்தது. அறுத்துவிட்டிருந்தால் ஒன்றும் பேசியிருக்க முடியாது.