தாதியர் பணியா, குடும்பநலப் பணியா?

கேள்வி: சாவகச்சேரி மாணவி

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தேன். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு 3 ஆண்டுகள், குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவமாது) பயிற்சிக்கு 18 மாதங்கள் என்பதால், விரைவில் உழைக்கலாம் என்று வீட்டார் இரண்டாவதையே விரும்புகிறார்கள். எனக்கோ பிரசவ அறையில் பணியாற்றவே ஆசை. எது பொருந்தும்?

பதில்: குடும்பநல உத்தியோகத்தர், வலிகாமம்

தங்கச்சி, பயிற்சிக் காலத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்; இரண்டிலும் பயிற்சியின்போதே மாதக் கொடுப்பனவு உண்டு. பிரசவ அறையில் கடமையாற்றும் மருத்துவமாதுக்கள் இருக்கிறார்கள் என்றாலும், எங்களில் பலர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் ஊருக்குள் ஒரு பிரிவைப் பொறுப்பேற்கிறோம். இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடப்பதால், ஊருக்குள் பணியாற்றும் நாங்கள் பிள்ளை பெறுவிப்பதில்லை. கர்ப்பவதிகளைப் பதிவதும், கிளினிக் நடத்துவதும், பிள்ளைகளை நிறுத்துப் பதிவேட்டில் குறிப்பதும், குடும்பத் திட்டமிடலுக்கு ஆலோசனை சொல்வதுமே எங்கள் அன்றாடம்.

இவற்றுள் நான் பெரிதாக மதிப்பது பிரசவத்துக்குப் பிந்திய வீட்டுத் தரிசிப்பு. குழந்தையை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நெற்றித் தோலை விரலால் அழுத்தி மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பேன். தொப்புள்கொடி அடியில் சிவப்போ நாற்றமோ உண்டா, பால் குடிக்கும்போது வாய் நன்றாகப் பொருந்துகிறதா என்றும் கவனிப்பேன். பிறகுதான் தாயிடம் இரத்தப்போக்கைப் பற்றியும், இரவில் காரணமின்றி அழுகை வருகிறதா என்றும் கேட்பேன். பத்தியச் சரக்குக் கறியை நான் தடுப்பதில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் பருக்குவதை மட்டும் அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துவேன். வைத்தியர் அருகில் இல்லாத அந்த வீட்டில், உடனே வைத்தியசாலைக்கு அனுப்புவதா என்று தனியாகத் தீர்மானிக்கும் மனத்திடம் வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்

மேலே எழுதிய சகோதரியின் கருத்தை ஏற்கிறேன். தாதியராகச் சேர்ந்தால், பிரசவ அறை கிடைக்கும் என்ற உறுதி ஆரம்பத்தில் இல்லை. சத்திரசிகிச்சை விடுதி, தீவிர சிகிச்சைப் பிரிவு, முதியவர்கள் நிறைந்த மருத்துவ விடுதி என எங்கும் நியமனம் வரலாம். இரவுக் கடமையும் தவிர்க்க முடியாதது. ஆனால் தாதியரான பின் 6 மாத மருத்துவமாதுப் பயிற்சி பெற்று அத்துறைக்குள் செல்ல வழி உண்டு. வெளிநாட்டுப் பணிக்கும் தாதியர் தகைமையே கூடுதலாக உதவும். என்னைக் கேட்டால், 3 ஆண்டுகளைக் கண்டு தயங்காதீர்கள்.

மாணவி

இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாமா, அக்கா?

பதில்: குடும்பநல உத்தியோகத்தர், வலிகாமம்

தாராளமாக விண்ணப்பியுங்கள். வயது, பாடத் தகைமை முதலிய நிபந்தனைகள் மாறக்கூடும் என்பதால், சுகாதார அமைச்சின் வர்த்தமானி அறிவித்தலை வரிவிடாமல் வாசியுங்கள். அதற்கு முன் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசி, கர்ப்பவதிகள் கிளினிக் நடக்கும் நாளொன்றில் அங்கே சென்று, அவர் செய்வதை நேரில் பாருங்கள்.