சிபிசி (ஒரு கிளிக்குக்கான விலை) அதிகமுள்ள கீவேர்டு (தேடல் சொல்) எடுத்தும் வருமானம் ஏறவில்லையே?

கேள்வி: கூகுள் விளம்பரதாரருக்குத் தரும் கீவேர்டு பிளானர் கருவியில் ஏல விலை உச்சத்தில் உள்ள சொற்களாகப் பார்த்துக் கட்டுரை போட்டாச்சு. ஆட்சென்ஸில் (நம் தளத்தில் கூகுள் விளம்பரம் காட்டிப் பணம் பெறும் சேவை) கிளிக்குக்கு வருவதோ அதில் துளிதான். எங்கே தப்பு?

பதில் 1: பிளானர் காட்டுவது கூகுள் தேடல் பக்கத்தின் மேலே இடம்பிடிக்க விளம்பரதாரர் கொடுக்கும் விலை. உங்கள் தளத்தில் ஓடும் விளம்பரத்துக்கு ஏலமே வேறு. அந்த எண்ணை ஒரு சொல்லோடு இன்னொன்றை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிளானரின் லொகேஷனில் உங்கள் வாசகர்கள் இருக்கும் நாட்டைப் போட்டீர்களா? அதை விட்டால் கணக்கே தப்பும்.

பதில் 2: இன்னொன்று, பிளானரில் ‘காம்பெடிஷன் லோ’ என்றால் ரேங்க் ஆவது (தேடலில் மேலே வருவது) சுலபம் என்று பொருளில்லை; விளம்பரதாரர் போட்டி குறைவு, அவ்வளவுதான். பலர் சறுக்குவது இங்கேதான். ‘காப்பீடு’ என்று ஒற்றைச் சொல்லைத் துரத்தாமல், ‘கார் காப்பீடு கிளெய்ம் நிராகரித்தால் என்ன செய்வது’ என்பதுபோல நீளமாகப் பிடியுங்கள்.

பதில் 3: புதிதாக எழுதுமுன் சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் கூகுள் தேடலில் எந்தச் சொல்லுக்கு எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் கருவி) 8 முதல் 20ஆம் இடம்வரை நிற்கும் சொற்களை எடுத்து பிளானரில் போடுங்கள். விலை உள்ளவை எவையோ, அந்தப் பழைய கட்டுரைகளைச் செப்பனிடுங்கள். அளக்க சிபிசி வேண்டாம், பக்க ஆர்பிஎம் (ஆயிரம் பக்கப் பார்வைக்கு வரும் வருமானம்) பாருங்கள்.