இரவு விமானப் பணியாளர்களின் உறக்கம் குறித்து ஓர் ஐயம்

கோத்தகிரிவாசி:
என் மகள் துபாயிலிருந்து ஐரோப்பா செல்லும் இரவு விமானங்களில் பணிப்பெண்ணாக இருக்கிறாள். சென்ற வாரம் விடுப்பில் வந்தவள், பிட்ட தோசையைக் கையில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். விடியற்காலை மூன்று மணிக்கு உணவு வண்டியைப் பிடித்து நின்றவாறே கண்ணயர்ந்திருப்பதாக அவள் சொன்னதிலிருந்து எனக்குத்தான் உறக்கம் போய்விட்டது. விமானிகளுக்கும் இப்படி நேருமா? அவர்கள் முறைவைத்து உறங்க விதியில் இடம் உண்டா?

வெலிங்டன் ஓய்வாளர்:
நேரும் ஐயா. பின்னிரவு 2 முதல் 6 மணி வரை உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். மன உறுதியால் அதை வெல்ல இயலாது. மிக நெடிய பயணங்களில் கூடுதல் விமானிகள் இருப்பார்கள். அவர்கள் மாறி மாறிப் படுக்கத் தனி இடமும் உண்டு. போயிங் 777 போன்ற பெரிய விமானங்கள் பலவற்றில் பணிப்பெண்களுக்கும் பயணிகளின் தலைக்கு மேலே படுக்கைகள் அமைத்திருக்கிறார்கள்.

இரண்டே விமானிகள் இருக்கும்போதுதான் சிக்கல். ஒருவர் மற்றவரிடம் சொல்லிவிட்டு இருக்கையிலேயே சற்று உறங்குவதை ஐரோப்பாவும் கனடாவும் ஏற்கின்றன. அமெரிக்கா ஏற்பதில்லை, இத்தனைக்கும், 40 நிமிட வாய்ப்பில் சராசரியாக 26 நிமிடம் உறங்கிய விமானிகள் உறங்காதவர்களைவிடத் தெளிவாக இருந்ததை 1994இல் ஆய்வாக வெளியிட்டது அந்நாட்டு நாசாதான்! சொல்லாமல் வரும் உறக்கமே ஆபத்து. 2024 ஜனவரியில் இந்தோனேசியாவில் 153 பயணிகளுடன் பறந்த விமானத்தில் இரு விமானிகளும் 28 நிமிடம் ஒருசேர உறங்கிப்போனார்கள்.

விழித்தவுடன் இருக்கும் மந்தமும் அதே அளவு கொடியது. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், தலைமை விமானி நெடுநேரம் உறங்கி எழுந்ததை விசாரணைக் குழு ஒரு காரணியாகக் குறித்தது. ஒலிப்பதிவில் அவருடைய குறட்டையும் இருந்தது, இறங்காமல் மேலெழும்படி துணை விமானி சொன்ன குரலும் இருந்தது.

இந்தியாவில் 2024இல் அறிவித்த விதி, விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அந்நாட்டு விதியே பொருந்தும்.

குன்னூர் இரவுப்பணி:
நான் தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறேன். மாலையில் வரும் இலை இரவெல்லாம் வாடும். மூன்று மணிவாக்கில் ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்த்துவிட்டு, பார்த்தேனா இல்லையா என்ற ஐயத்தில் மறுபடியும் அள்ளியிருக்கிறேன். சுற்றிலும் தேயிலை இருந்தும் பயனில்லை. குடித்த தேநீர் வேலை செய்ய அரைமணி ஆகும், அதையே விடியும் வேளையில் குடித்தால் பகல் உறக்கம் கெடும். மகள் வீட்டில் இருக்கும்போது அவளுடைய அறைச் சன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். ஒன்று கேட்கிறேன்: கோயம்புத்தூரில் இறங்கி மலையேறும்போது வண்டியை ஓட்டுவது யார்?

கோத்தகிரிவாசி:
அவளேதான், நண்பரின் காரில். இனி நானே மேட்டுப்பாளையம் இறங்கிச் சென்று அழைத்துவருகிறேன். இருவருக்கும் நன்றி.